எம்டி0 காணோம், எம்டி127 வந்து நிற்கிறது: மூன்று டிஸ்க் ரெய்டு, தங்கச்சிமடம்

தங்கச்சிமடம்_வீடியோ | ஞாயிறு, இரவு 11.20

வணக்கம். தங்கச்சிமடத்தில் வீடியோ கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழா என்று எட்டு வருடத்துப் பதிவுகள் எல்லாம் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. 4 டிபி டிஸ்க் மூன்று, ரெய்டு 5 (மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஒன்று போனாலும் டேட்டா போகாத முறை), லினக்ஸ் மென்பொருள் ரெய்டுதான். அப்படிச் சேர்த்ததற்கு லினக்ஸில் எம்டி0 என்று பெயர். தனியாக கார்டு எதுவும் இல்லை. உபுண்டு மட்டும் ஒரு சின்ன எஸ்எஸ்டியில் இருந்தது.

போன வாரம் கரண்ட் போய்ப் போய் வந்ததில் அந்த எஸ்எஸ்டி செத்துவிட்டது. தெரிந்த ஒருவர் புது எஸ்எஸ்டி போட்டு உபுண்டுவை மறுபடி ஏற்றிக் கொடுத்தார். எழும்போது எந்த டிஸ்க்கை எந்த அடைவில் இணைப்பது (மவுன்ட்) என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பின் பழைய வரியை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதையே போட்டேன்: /டெவ்/எம்டி0 என்பதை /படங்கள் என்ற இடத்தில் மவுன்ட் செய்யச் சொல்லும் வரி. ரீபூட் செய்தால் ஒன்றரை நிமிடம் எதற்கோ காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிட்டது.

/டெவ்/எம்டி0 என்று ஒன்றே இல்லை. ரெய்டின் நிலையைக் காட்டும் /ப்ராக்/எம்டிஸ்டாட் பார்த்தால் இப்படி வருகிறது:

எம்டி127 : ஆக்டிவ் (ஆட்டோ-ரீட்-ஒன்லி) ரெய்டு5 எஸ்டிடி1[3] எஸ்டிபி1[0] எஸ்டிசி1[1]
[3/3] [யூயூயூ]

நான் 127 என்று எதையும் உருவாக்கவே இல்லை. அடைப்பில் 0, 1, 3 என்று இருக்கிறது, 2 எங்கே போனது? ரீட்-ஒன்லி என்றால் டிஸ்க் பழுதா? எஸ்எஸ்டி போட்டவர், ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஆடம் என்ற கருவியைச் சொல்லி, "எம்டிஆடம் --கிரியேட் கொடுத்து மறுபடி எம்டி0 என்று உருவாக்கிவிடலாம், டேட்டா அப்படியே இருக்கும்" என்கிறார். நாளைக் காலையில் வருகிறேன் என்றிருக்கிறார். செய்யலாமா?

கீழக்கரை_சர்வர் | ஞாயிறு, இரவு 11.31

செய்யாதீர்கள். அவரை வர வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். --கிரியேட் என்ற சொல்லை டெர்மினலில் அடிக்கவே அடிக்காதீர்கள்.

உங்கள் ரெய்டு முழுசாக இருக்கிறது. [யூயூயூ] என்றால் மூன்று டிஸ்க்கும் எழுந்து வேலை செய்கின்றன என்று பொருள். பெயர் ஒன்றுதான் மாறியிருக்கிறது. இது மட்டும் எடுத்துப் போடுங்கள்: மூன்று பார்ட்டிஷனுக்கும் எம்டிஆடம் --எக்ஸாமின். அது படிக்கும், எதையும் எழுதாது.

மண்டபம்_அலை | ஞாயிறு, இரவு 11.48

தம்பி, மேலே சொன்னதைக் கேளுங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பாட்டி தனுஷ்கோடியில் வாழ்ந்தவர். 1964 புயலில் பிழைத்து மண்டபம் வந்து சேர்ந்தார். கடைசிக் காலத்தில் அவர் பேசியதை எல்லாம் நான் பதிவு செய்து வைத்திருந்தேன். அந்த ஊர் ஸ்டேஷன், சந்தை, அன்று ராத்திரி தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, யார் யாரைக் கையைப் பிடித்து இழுத்தார்கள் என்று நாற்பது மணி நேரத்துக்கு மேல் இருக்கும். நான்கு டிஸ்க் ரெய்டு 5. வீடு மாறியபோது பெட்டியைப் பிரித்து மறுபடி மாட்டினோம். உங்களுக்கு வந்த மாதிரியே மவுன்ட் ஆகவில்லை. பழுது பார்க்க வந்தவர் --கிரியேட் போட்டார். டிஸ்க்குகளை ஏ, பி, சி, டி என்று எழுத்து வரிசையில் கொடுத்தார். பழைய வரிசை அது இல்லை. பழைய ரெய்டில் சங்க் அளவு (டேட்டாவை டிஸ்க்குகளுக்குப் பிரித்து எழுதும் துண்டின் அளவு) 64 கேபி, புதிய எம்டிஆடம் தானாக எடுத்துக்கொண்டது 512 கேபி. "சிங்க் ஆகிறது, காலையில் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ராத்திரி முழுக்க அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நல்லது நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் தூங்கினேன். கடைசி டிஸ்க் முழுவதும் புதிதாகக் கணக்கிட்டு எழுதப்பட்டுவிட்டது.

பாட்டி இப்போது இல்லை. வேண்டாம் தம்பி.

தங்கச்சிமடம்_வீடியோ | திங்கள், காலை 6.05

அக்கா, படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எக்ஸாமின் போட்டது. எஸ்டிபி1 காட்டுவது:

மேஜிக் : ஏ92பி4இஎஃப்சி
வெர்ஷன் : 1.2
நேம் : ஸ்டுடியோ:0
ரெய்டு லெவல் : ரெய்டு5
ரெய்டு டிவைசஸ் : 3
ஈவென்ட்ஸ் : 18422
டிவைஸ் ரோல் : ஆக்டிவ் டிவைஸ் 0

மற்ற இரண்டும் இதே மாதிரிதான், ரோல் மட்டும் 1, 2. ஈவென்ட்ஸ் மூன்றிலும் ஒரே எண். அரே யூயூஐடி (சேர்ந்திருக்கும் டிஸ்க் கூட்டத்தின் அடையாள எண்) மூன்றிலும் ஒன்றுதான்.

கீழக்கரை_சர்வர் | திங்கள், காலை 7.40

ரொம்ப நல்லது. ஈவென்ட்ஸ் எண் மூன்றிலும் ஒன்றாக இருந்தால் மூன்று டிஸ்க்கும் ஒரே நேரத்தில்தான் கடைசியாக எழுதப்பட்டிருக்கின்றன, எதுவும் பின்தங்கவில்லை. நிம்மதியாக டீ குடித்துவிட்டுப் படியுங்கள். நீளமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் இந்த 127 விஷயத்தில் மாதம் ஒருவராவது பயந்துபோய் எனக்கு போன் செய்கிறார்கள்.

முதலில் உங்கள் புது உபுண்டுவின் ஹோஸ்ட்நேம், அதாவது கம்ப்யூட்டரின் பெயர், என்ன என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். நிச்சயமாக அது "ஸ்டுடியோ" இல்லை. கதை அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் முதன்முதலில் ரெய்டு உருவாக்கியபோது எம்டிஆடம் ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு சின்னக் குறிப்பு எழுதி வைத்தது. அதுதான் சூப்பர்பிளாக். 1.2 வடிவத்தில் அது பார்ட்டிஷன் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி உட்கார்ந்திருக்கும். நான் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்கிற யூயூஐடி, கூட்டத்தில் எத்தனை பேர், என் இடம் எது, டேட்டா எங்கே தொடங்குகிறது, கடைசியாக எப்போது எழுதினார்கள், எல்லாம் அதில் உண்டு. கூடவே ஒரு பெயர். அந்தப் பெயரில் இரண்டு பாதி: உருவாக்கிய கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்நேம், அப்புறம் முக்காற்புள்ளி, அப்புறம் நீங்கள் கொடுத்த பெயர். நீங்கள் எம்டி0 என்று கொடுத்தீர்கள், அதனால் "ஸ்டுடியோ:0".

கம்ப்யூட்டர் எழும்போது டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். சாதனங்கள் வருவதையும் போவதையும் கவனிக்கும் யூடெவ் ஒவ்வொன்றையும் எம்டிஆடத்திடம் காட்டும். எம்டிஆடம் குறிப்பைப் படித்து, ஒரே யூயூஐடி உள்ளவர்களைச் சேர்த்து வைக்கும். ஆள் நிறைந்ததும் அரேயை எழுப்பும். அப்போது ஒரு கேள்வி வரும்: இதற்கு எந்த எண் கொடுப்பது? எம்டிஆடம்.கான்ஃப் கோப்பில் இந்த யூயூஐடிக்கு ஒரு வரி இருந்தால், அதில் சொன்ன பெயர். வரி இல்லையென்றால் சூப்பர்பிளாக்கில் உள்ள ஹோஸ்ட்நேமைப் பார்க்கும். அது இந்தக் கம்ப்யூட்டரின் பெயரோடு ஒத்துப்போனால் நம் வீட்டுப் பிள்ளை, கேட்ட 0 எண்ணையே கொடுக்கலாம். ஒத்துப்போகவில்லை என்றால் வெளியூர் அரே. வெளியூர்க்காரர் வந்து 0 கேட்டார் என்று கொடுத்துவிட்டால், இங்கே ஏற்கெனவே 0 என்ற பெயரில் ஒருவர் இருந்தால் என்ன ஆகும்? அதனால் சண்டை வராத இடத்தில் உட்கார வைக்கிறது. மனிதர்கள் 0, 1, 2 என்று கீழிருந்து எண் கொடுப்பார்கள். எம்டிஆடம் 127இல் தொடங்கிக் கீழே இறங்கும். 127 பிடிபட்டிருந்தால் 126, அப்புறம் 125. 0 வரை இறங்கியும் இடமில்லை என்றால் 511க்குத் தாவி அங்கிருந்து இறங்கும்.

புது எஸ்எஸ்டியில் உங்கள் பழைய கான்ஃப் இல்லை, ஹோஸ்ட்நேமும் மாறிவிட்டது. அதனால் உங்கள் அரே உங்கள் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிட்டது. 127 அந்த விருந்தாளி நாற்காலி.

அடைப்பில் 3 வந்தது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். ரெய்டு 5 உருவாக்கும்போது எம்டிஆடம் கடைசி டிஸ்க்கை ஸ்பேர் மாதிரி வைத்துக்கொண்டு, மற்ற இரண்டிலிருந்து கணக்கிட்டு அதை நிரப்பும். அப்படிச் சேர்ந்த டிஸ்க்குக்கு 3 என்ற எண் ஒட்டிக்கொண்டது. அதன் இடம் 2தான், ரோலில் பார்த்தீர்களே. ஆட்டோ-ரீட்-ஒன்லி என்பதும் நோய் இல்லை. யாராவது முதல் தடவை அதில் ஏதாவது எழுதும் வரை எதையும் தொடாமல் காத்திருக்கிறது, அவ்வளவுதான். மண்டபம் அக்கா சொன்ன சேதமும் இதே வழியில்தான் நடந்திருக்கிறது: --கிரியேட் போட்டால் கடைசி டிஸ்க்கை நிரப்ப ஆரம்பித்துவிடும். வரிசை தப்பாக இருந்தால் நல்ல டிஸ்க்கின் மேல் தப்புக் கணக்கை எழுதும்.

ஏர்வாடி_நெட் | திங்கள், காலை 9.10

காக்கா, இவ்வளவு எதற்கு? எஃப்எஸ்டேப்பில் எம்டி0 என்பதை எம்டி127 என்று மாற்றினால் வேலை முடிந்தது. என் கடையில் இரண்டு வருடமாக எம்டி127 என்றே ஓடுகிறது, ஒரு நாளும் தகராறு வந்ததில்லை. சின்னக் கடைக்கு எது எளிதோ அதுதான் சரி. கடைக்காரருக்கு யூயூஐடி எல்லாம் மனப்பாடமா ஆகும்?

கீழக்கரை_சர்வர் | திங்கள், காலை 9.42

தம்பி, ஒரே ஒரு அரே இருக்கும் வரை நீங்கள் சொல்வது நடக்கும். நாளைக்கு யாராவது பழைய சிசிடிவி பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க்கைக் காப்பி எடுக்கக் கொண்டுவந்து மாட்டுவார்கள். அதிலும் ஒரு ரெய்டு குறிப்பு இருந்தால் எது முதலில் எழுகிறதோ அதற்கு 127. உங்களுடையது அன்றைக்கு 126. எஃப்எஸ்டேப் போய் அவர் டிஸ்க்கை உங்கள் இடத்தில் மவுன்ட் செய்யும். ராத்திரி பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடி, "மூலத்தில் கோப்புகள் இல்லை" என்று நினைத்து பிரதியிலும் அழித்துவிட்டால்? இரண்டு வருடம் நடக்கவில்லை என்பதால் 127 உங்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட எண் ஆகிவிடாது. அன்றன்றைக்குக் கிடைத்த இடம் அது.

மனப்பாடம் தேவையில்லை, ஒரு தடவை ஒட்டினால் போதும்.

பாம்பன்காரன் | திங்கள், மதியம் 1.15

கம்ப்யூட்டர் எனக்கு அரைகுறைதான், ஆனால் இது எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டில் விசைப்படகு இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் தென்கடலில் நிற்கும் படகுகளை வடகடலுக்கு மாற்ற வேண்டும். ரயில் பாலம் திறக்கும் வரை படகுகள் வரிசையில் நிற்கும். அன்றைக்கு நாங்கள் மூன்றாவதாக நின்றோம் என்றால் அடுத்த தடவையும் மூன்றாவதாக நிற்போம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். "மூன்றாவது படகில் ஐஸ் ஏற்று" என்று சொல்லி அனுப்பினால் யார் படகிலோ ஏற்றிவிட்டு வருவான்.

படகின் முகப்பில் பெயர் எழுதியிருக்கும். அந்தோணியார் பெயரில் எத்தனை படகு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், பெயரும் போதாது. பக்கத்தில் ஐஎன்டி-டிஎன்-10 என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதே, அது எந்தக் கடலில், எந்த வரிசையில் நின்றாலும் மாறாது. யூயூஐடி அதுதானே?

கீழக்கரை_சர்வர் | திங்கள், மதியம் 1.50

அதேதான் அண்ணே. ஹோஸ்ட்நேமையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: படகில் பெயரோடு துறையின் பெயரும் எழுதியிருக்கிறது. பாம்பன் படகு தொண்டிக்கு ஒதுங்கினால் அங்கே அதே பெயரில் உள்ளூர்ப் படகு இருக்கலாம். அதனால் "பாம்பன் அந்தோணியார்" என்று முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எம்டிஆடமும் அப்படித்தான். வெளியூர் அரேக்கு /டெவ்/எம்டி அடைவில் ஒரு பெயர் வைக்கும்போது, முன்னால் பழைய ஹோஸ்ட்நேமையோ பின்னால் ஓர் அடிக்கோடும் 0வும் சேர்த்தோ வைக்கும். தங்கச்சிமடம் தம்பி, அந்த அடைவைத் திறந்து பாருங்கள்.

தங்கச்சிமடம்_வீடியோ | திங்கள், மதியம் 2.20

ஆமாம் அண்ணே! /டெவ்/எம்டி/ஸ்டுடியோ:0 என்று இருக்கிறது, எம்டி127ஐக் காட்டுகிறது. புது ஹோஸ்ட்நேம் "எடிட்". எஸ்எஸ்டி போட்டவர் வைத்தது.

தொண்டி_பிஎஸ்டி | திங்கள், மாலை 5.30

இந்தப் பிரச்சினையே வடிவமைப்பில் உள்ள கோளாறு என்பது என் கருத்து. இயங்குதளத்தின் மையமான கர்னலே டிஸ்க்கைப் படித்து, கர்னலே பெயர் வைத்தால் இப்படி நடக்காது. லினக்ஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில், ஒரே டேட்டாவைப் பல டிஸ்க்கில் எழுதும் ஜிமிரர் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் "படம்" என்று பெயர் வைத்தால் டிஸ்க்கின் கடைசி செக்டாரில் அது எழுதப்படும். கர்னலில் உள்ள ஜியாம் அடுக்கு டிஸ்க்கை ருசி பார்த்து, அந்தக் குறிப்பைக் கண்டால் /டெவ்/மிரர்/படம் என்று கொண்டுவந்து நிறுத்தும். எண் கிடையாது, ஹோஸ்ட்நேம் கிடையாது, கான்ஃப் கோப்பு கிடையாது. வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அதே பெயர். லினக்ஸில்கூட முன்பு கர்னலே கண்டுபிடித்ததே, அதை ஏன் விட்டார்கள்?

கீழக்கரை_சர்வர் | திங்கள், மாலை 6.25

நல்ல கேள்வி. பாதி ஒத்துக்கொள்கிறேன், பாதி மறுக்கிறேன்.

லினக்ஸின் பழைய வழி இது: 0.90 வடிவ சூப்பர்பிளாக், பார்ட்டிஷன் வகை எஃப்டி. எம்டி டிரைவர் கர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருந்தால், எழும்போது அந்த வகைப் பார்ட்டிஷன்களைத் தேடிப் பிடித்து அதுவே சேர்த்துவிடும். எந்த எண் வேண்டும் என்பதும் சூப்பர்பிளாக்கிலேயே இருக்கும். கேட்க அழகாக இருக்கிறது. இரண்டு பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க்குகளை ஒன்றில் மாட்டிப் பாருங்கள், இரண்டும் "நான்தான் எம்டி0" என்று நிற்கும். பூட் டிஸ்க்கே மாறிப்போனவர்கள் உண்டு. அந்த வடிவத்தில் ஒரு டிஸ்க்குக்கு 2 டிபி என்ற வரம்பும் நெடுநாள் இருந்தது. 1.0, 1.1, 1.2 வடிவங்கள் வந்தபோது கர்னல் தானாகத் தேடும் வேலை அவற்றுக்குக் கொடுக்கப்படவில்லை. யாரை எப்போது சேர்ப்பது, என்ன பெயர் என்ற முடிவெல்லாம் கர்னலுக்கு வெளியே, எம்டிஆடத்திடம் போனது.

உங்கள் ஜிமிரரிலும் ஒரே பெயரில் இரண்டு வந்தால் குழப்பம்தானே? பெயர் வைத்தவர் கவனமாக இருந்தால் பிழைத்தோம்.

ஓபன்பிஎஸ்டி இன்னொரு வழி. அங்கே சாஃப்ட்ரெய்டு கர்னலுக்குள் இருந்துகொண்டு தானே சேர்க்கும், சேர்த்த அரேயை சாதாரண எஸ்டி டிஸ்க் மாதிரியே காட்டும். இரண்டு டிஸ்க் இருந்தால் அரே எஸ்டி2 ஆக வரலாம். யூஎஸ்பி ஒன்று மாட்டி எழுப்பினால் எஸ்டி3. அதனால்தான் அங்கேயும் எஃப்எஸ்டேப்பில் டியூஐடி என்ற 16 இலக்க அடையாளத்தை எழுதுகிறார்கள். கர்னல் பெயர் வைத்தாலும், வெளியே இருந்து வைத்தாலும், வரிசை எண் வரிசை எண்தான்.

தொண்டி_பிஎஸ்டி | திங்கள், இரவு 8.05

ஒரே பெயர் இரண்டு வந்தால் என்ற இடத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பயனர் வைத்த பெயர் கர்னல் வரை போக வேண்டும் என்பதை விட மாட்டேன். பதிவேட்டில் "எம்டி127இல் பிழை" என்று வந்தால் அது எந்த அரே என்று யாருக்குத் தெரியும்? "படம் அரேயில் பிழை" என்று வந்தால் பார்த்தவுடன் தெரியும்.

கீழக்கரை_சர்வர் | திங்கள், இரவு 9.00

அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு வழியும் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை.

கர்னல் பக்கத்தில் எம்டி சாதனம் எப்படிப் பிறக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். கர்னலுக்கு ஒரு பிளாக் சாதனம் என்றால் இரண்டு எண்தான்: மேஜர், மைனர். எம்டிக்கு மேஜர் 9. எம்டி0 என்றால் 9:0, எம்டி127 என்றால் 9:127. பழைய காலத்தில் /டெவ் அடைவில் இந்த எண்களோடு கோப்பு ஒன்றை முன்கூட்டியே செய்து வைப்பார்கள். அந்தக் கோப்பை யாராவது திறந்தால் போதும், கர்னல் அந்த இடத்திலேயே ஒரு வெற்று எம்டி சாதனத்தை உருவாக்கிக் கையில் கொடுக்கும். டிஸ்க் எதுவும் சேராத காலிப் பெட்டி. அப்புறம்தான் எம்டிஆடம் அதில் டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட வைக்கும்.

திறந்தாலே பிறக்கும் என்பதில் ஒரு தொல்லை. அரேயை --ஸ்டாப் கொடுத்து நிறுத்துவீர்கள். அது போகும் சத்தம் கேட்டு யூடெவ் "என்ன ஆச்சு" என்று அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கும். திறந்ததும் காலிப் பெட்டி மறுபடி பிறக்கும். நிறுத்தியதே திரும்ப வந்து நிற்கிறதே என்று நான் ஒரு காலத்தில் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்காகத்தான் கர்னலில் இன்னொரு கதவு வைத்தார்கள். சிஸ் கோப்பு முறையில் எம்டி_மாட் என்ற மாட்யூலின் பாராமீட்டர்களுக்குள் நியூ_அரே என்று ஒன்று இருக்கிறது. அதில் "எம்டி5" என்று எழுதினால் மைனர் 5 காலியாக இருந்தால் அந்தச் சாதனம் பிறக்கும். "எம்டி_படம்" என்று எம்டிக்குப் பின் அடிக்கோடு வைத்து எழுதினால், கர்னல் 512இலிருந்து தொடங்கிக் காலியான ஒரு மைனர் எண்ணைத் தானே எடுத்துக்கொண்டு, சாதனத்துக்கு அந்தப் பெயரையே வைத்துவிடும். அப்புறம் எம்டிஸ்டாட்டிலும் கர்னல் பதிவேட்டிலும் எம்டி_படம் என்றே வரும். எம்டிஆடம்.கான்ஃப் கோப்பில் கிரியேட் என்ற வரியில் நேம்ஸ்=எஸ் என்று சேர்த்தால் எம்டிஆடம் இந்த வழியில் போகும். தானாக வருவதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

பார்ட்டிஷன் போட்டால் ஒரு வித்தியாசம் தெரியும். பெயர் எண்ணில் முடிந்தால் கர்னல் நடுவில் பி சேர்க்கும்: எம்டி0பி1. எழுத்தில் முடிந்தால் சேர்க்காது: எம்டி_படம்1. முன்பு பார்ட்டிஷன் போடக்கூடிய எம்டிக்கு எம்டி_டி0 என்று தனி வகையே இருந்தது. 2.6.28 கர்னலிலிருந்து எல்லா எம்டியிலும் பார்ட்டிஷன் போடலாம்.

தங்கச்சிமடம்_வீடியோ | திங்கள், இரவு 9.30

அண்ணே, நிறையப் புரிந்தது. இப்போது நான் என்ன செய்யட்டும்? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், செய்துவிட்டு எழுதுகிறேன்.

கீழக்கரை_சர்வர் | திங்கள், இரவு 9.55

முதலில் எம்டி127ஐ ரீட்-ஒன்லியாகவே ஒரு தற்காலிக இடத்தில் மவுன்ட் செய்து படங்கள் திறக்கின்றனவா பாருங்கள். திறந்தால் மேலே போவோம்.

எம்டிஆடம் --டீட்டெயில் --ஸ்கேன் கொடுங்கள். அரே என்று தொடங்கும் ஒரு வரி வரும். அதை /இடிசி/எம்டிஆடம்/எம்டிஆடம்.கான்ஃப் கோப்பின் கடைசியில் ஒட்டுங்கள். அந்த வரியில் /டெவ்/எம்டி/ஸ்டுடியோ:0 என்று இருக்கும் இடத்தில் /டெவ்/எம்டி0 என்று மாற்றுங்கள். அப்புறம் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ. இதை மறந்தால் பாடெல்லாம் வீண், ஏனென்றால் எழும் நேரத்தில் முதலில் படிக்கப்படுவது இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (எழும்போது முதலில் ஏறும் சின்னக் கோப்புத் தொகுப்பு) இருக்கும் கான்ஃப் பிரதிதான்.

எஃப்எஸ்டேப்பில் எம்டி என்ற சொல்லே வேண்டாம். பிஎல்கேஐடி /டெவ்/எம்டி127 கொடுத்தால் ஃபைல்சிஸ்டத்தின் யூயூஐடி வரும், அதைப் போடுங்கள். கவனம்: அரேயின் யூயூஐடி வேறு, ஃபைல்சிஸ்டத்தின் யூயூஐடி வேறு. நடுவில் முக்காற்புள்ளி வைத்து நான்கு துண்டாக இருப்பது அரேயுடையது, அது கான்ஃபுக்கு. சிறு கோடு வைத்து ஐந்து துண்டாக இருப்பது ஃபைல்சிஸ்டத்துடையது, அது எஃப்எஸ்டேப்புக்கு. இதை மாற்றிப் போட்டுவிட்டு வருபவர்கள் பலர். கூடவே நோஃபெயில் சேர்த்துவிடுங்கள், அரே வராத நாளில்கூடக் கம்ப்யூட்டர் எழும்.

தங்கச்சிமடம்_வீடியோ | செவ்வாய், மாலை 4.10

படங்கள் திறந்துவிட்டன. முதலில் திறந்தது என் தங்கை கல்யாணம். அழுகையே வந்துவிட்டது அண்ணே.

ஆனால் ஒரு சிக்கல். நீங்கள் சொன்னதெல்லாம் செய்தேன், ரீபூட் செய்தால் எம்டி0 ஆக வந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வெளியூர் பெயர் எதற்கு என்று அரேயை நிறுத்தி, --அசெம்பிள் --அப்டேட்=ஹோம்ஹோஸ்ட் கொடுத்து "எடிட்" என்று மாற்றினேன். மறுபடி ரீபூட் செய்தால் திரும்ப எம்டி127! மவுன்ட் மட்டும் ஆகியிருக்கிறது, ஏனென்றால் எஃப்எஸ்டேப்பில் யூயூஐடி.

கீழக்கரை_சர்வர் | செவ்வாய், மாலை 4.35

உங்கள் கான்ஃப் வரியை இன்னொரு தடவை படியுங்கள். அதில் நேம்=ஸ்டுடியோ:0 என்றும் இருக்கும். ஸ்கேன் கொடுத்ததை அப்படியே ஒட்டச் சொன்னது நான்தான், அதை எடுக்கச் சொல்ல மறந்தது என் தவறு. வரியில் சொன்ன அடையாளங்கள் எல்லாம் ஒத்துப்போனால்தான் எம்டிஆடம் அந்த வரியை எடுத்துக்கொள்ளும். யூயூஐடி சரி, பெயர் இப்போது எடிட்:0, வரியில் ஸ்டுடியோ:0. ஒன்று பிசகியதால் வரியையே ஒதுக்கிவிட்டது. ஹோஸ்ட்நேம் இப்போது ஒத்துப்போகிறதே என்பீர்கள்; எழும் ஆரம்பக் கட்டத்தில் கம்ப்யூட்டருக்கே அதன் பெயர் இன்னும் தெரியாமல் இருந்திருக்கலாம், அதனால் அப்போதும் வெளியூர் அரேதான். நேம் பகுதியை அழித்துவிட்டு யூயூஐடி மட்டும் வையுங்கள், இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பியுங்கள்.

ஏர்வாடி_நெட் | செவ்வாய், மாலை 5.20

காக்கா, இதைப் பார்த்த பிறகு என் கடை எஃப்எஸ்டேப்பையும் மாற்றிவிட்டேன். எண் மாறியும் அவருக்கு மவுன்ட் ஆனதே, அதைப் பார்த்துத்தான். எனக்கு நேற்று வரை ரெய்டு யூயூஐடியும் ஃபைல்சிஸ்டம் யூயூஐடியும் ஒன்று என்றே நினைப்பு.

மண்டபம்_அலை | செவ்வாய், இரவு 7.45

தம்பி, இன்னொன்று. டிஸ்க் கனெக்டர்களைக் கழற்றிப் பார்த்தீர்களா? நம் பக்கத்து உப்புக் காற்றில் இரண்டு வருடத்தில் பச்சை படிந்துவிடும். என் பெட்டியில் முதல் தகராறே அதுதான். ஒரு டிஸ்க் விட்டுவிட்டுத் தெரிந்தது, அதைத் தேடப் போய்த்தான் எல்லாம் கெட்டது. இந்தப் படங்களுக்கு இன்னொரு பிரதி இருக்கிறதா? ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனால் தாங்கும். தப்பான ஒரு கட்டளையைத் தாங்காது.

தங்கச்சிமடம்_வீடியோ | புதன், இரவு 10.15

அக்கா, கழற்றிப் பார்த்தேன். நடு டிஸ்க்கின் சாட்டா கேபிள் முனையில் பச்சை இருந்தது. மூன்று கேபிளும் புதிதாக மாற்றிவிட்டேன். மாற்றும்போது வேண்டுமென்றே போர்ட்டுகளையும் மாற்றிச் செருகினேன். முன்பு எஸ்டிபியாக இருந்தது இப்போது எஸ்டிடி. எம்டிஸ்டாட்டில் எஸ்டிடி1[0] என்று வருகிறது, எழுத்து மாறினாலும் அடைப்பில் 0 அப்படியே இருக்கிறது. நேம் பகுதியை எடுத்த பிறகு மூன்று தடவை ரீபூட் செய்தேன், மூன்று தடவையும் எம்டி0.

/டெவ்/டிஸ்க்/பை-ஐடி அடைவில் பார்த்து ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் ஸ்டிக்கரில் எழுதி டிஸ்க் விளிம்பில் ஒட்டியிருக்கிறேன், கூடவே ரோல் எண். பாம்பன் அண்ணன் சொன்ன பதிவு எண் மாதிரி.

--எக்ஸாமின் காட்டிய மூன்று பக்கத்தையும் பிரின்ட் எடுத்துக் கல்லாப் பெட்டியில் வைத்துவிட்டேன். 8 டிபி வெளி டிஸ்க் ஒன்று ராமநாதபுரத்திலிருந்து வாங்கி வந்து காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது 31 சதவீதம், 2019 சந்தியாகப்பர் திருவிழா தேர்ப்பவனி போய்க்கொண்டிருக்கிறது.